முதுகு நிறத்தை நம்பாதீர்கள்: பழ ஈயைப் படத்தில் அடையாளம் காண்பது

மாந்தோப்பில் தொங்கும் மெத்தில் யூஜினால் (ஆண் பழ ஈக்களை இழுக்கும் வாசனைப் பொருள்) பொறியைத் திறந்தால் ஆண் ஈக்கள் கொத்தாகச் செத்துக் கிடக்கும். ஒன்றை எடுத்து, முதுகு மட்டும் தெரிகிற மாதிரி செல்போனில் ஒரே ஒரு படம் எடுத்து "இது எந்த ஈ?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், ஏனென்றால் இந்தப் பொறிக்கு முக்கியமாக மூன்று வகை வரும், மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது இறக்கை. ஈயை வெள்ளைத் தாளில் வைத்து இறக்கையை மெதுவாக விரித்துவிடுங்கள். முன் விளிம்பு நெடுக, மை பேனாவால் கோடு இழுத்தது போல மெல்லிய கருங்கோடு நுனிவரை அறுபடாமல் ஓடினால் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், நம் ஊர் மாம்பழத்தில் புழு வைப்பதில் முதல் ஆள். கோடு நடுவில் அறுந்து நுனியில் மட்டும் ஒரு புள்ளி இருந்தால் அது மற்ற இரண்டு வகையில் ஒன்று: சொனாட்டா அல்லது கரெக்டா. இந்த இரண்டையும் பிரிக்க முகத்தைப் பார்க்க வேண்டும்: சொனாட்டாவுக்கு இரண்டு கரும்புள்ளிகள் தனித்தனியாக இருக்கும், கரெக்டாவுக்கு அவை பக்கவாட்டில் நீண்டு மீசை போலக் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். முகத்தை நேராக எடுத்த படம் இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது. பாகல், பூசணியைக் கெடுக்கும் ஈ இந்தப் பொறிக்கு வராது, அதற்கு கியூலூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். அதன் முதுகில் மூன்று மஞ்சள் கோடு இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

சரி, நிறம்? சொனாட்டா செம்பழுப்பு என்பது உண்மைதான், ஆனால் டார்சாலிஸின் முதுகே கன்னங்கரேல் முதல் செம்பழுப்பு வரை மாறும். இதில் விஞ்ஞானிகளே தடுமாறியிருக்கிறார்கள். 2003-ல் கென்யாவில் பிடிபட்ட ஈயைப் புது இனம் என்று நினைத்து 2005-ல் இன்வேடன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் டிஎன்ஏ, உடல் அளவு, ஒன்றோடொன்று இணைசேர்கிறதா என்று எல்லாம் சோதித்து, 2015-ல் அதுவும் டார்சாலிஸ்தான் என்று முடிவானது.

தென்கிழக்கு ஆசியாவின் காரம்போலே என்ற ஈ இன்னும் சிக்கல். அதை டார்சாலிஸிலிருந்து பிரிக்க, ஈயையே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் முதுகு, முகம், இறக்கை என மூன்று படம் எடுத்த பிறகும் ஈயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சின்னக் குப்பியில் ஆல்கஹால் ஊற்றி அதில் போட்டு, எந்தப் பொறி, எந்த ஊர், என்ன தேதி என்று பென்சிலால் எழுதி ஒரு சீட்டும் உள்ளே போட்டு வையுங்கள்.