பிரிண்டர் ரிப்பேர் இல்லை, ரூம் மாறியிருக்கிறது

"தம்பி, பிரிண்டர் மறுபடியும் ஆஃப்லைன்னு காட்டுது." போன மாதம் ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்கு, மதுரை விளாங்குடியிலிருந்து ஒரு ரிட்டையர்டு டீச்சரின் போன். காலையில் பேத்திக்குத் தேர்வு, ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும், தெருமுனை ஜெராக்ஸ் கடையும் பூட்டியாகிவிட்டது.

போய் லேப்டாப்பைத் திறந்தால், பிரிண்டர் பட்டியலில் அதே பெயர் நான்கு முறை இருந்தது. ஒன்று வெறுமனே, மற்றவற்றுக்குப் பின்னால் 'காப்பி 1', 'காப்பி 2', 'காப்பி 3'. இதைப் பார்த்ததுமே பாதிக் கதை புரிந்துவிடும். ஒவ்வொரு முறை அறுந்தபோதும் யாரோ வந்து டிரைவரை, அதாவது லேப்டாப்பில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, திரும்பப் போட்டிருக்கிறார்கள். போட்டதும் வேலை செய்திருக்கிறது. பத்து நாளில் மறுபடி அதே கதை. ரீஇன்ஸ்டால் பண்ணினால் சரியாகிறது என்பதாலேயே கோளாறு டிரைவரில் என்று நம்பிவிடுகிறோம். டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் டிரைவரைத் தொடவில்லை. பிரிண்டரிலேயே நெட்வொர்க் விவரத் தாள் ஒன்றை எடுத்தேன். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களில் இதற்கு ஒரு பட்டனோ, மெனுவில் ஒரு வரியோ இருக்கும். தாளில் இருந்த ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரின் எண், 192.168.1.9. லேப்டாப் எந்த எண்ணுக்கு அனுப்புகிறது என்று பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸுக்குள் 'போர்ட்ஸ்' பக்கத்தைத் திறந்தால் அங்கே 192.168.1.4. ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் 4-ஆம் எண்ணில் உட்கார்ந்திருந்தது ஹாலில் இருக்கிற டிவி. டீச்சர் அனுப்பிய ஹால் டிக்கெட் அத்தனை நேரமும் டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ரவுட்டர் ஒரு லாட்ஜ் மேனேஜர் மாதிரி. வீட்டில் வைஃபைக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரூம் நம்பர் கொடுக்கும், அதுவும் வாடகைக்குத்தான். பல வீட்டு ரவுட்டர்களில் இந்த வாடகைக் காலம் ஒரு நாள். போனும் டிவியும் தினமும் உபயோகத்தில் இருப்பதால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். பிரிண்டரை நாம் பத்து நாளைக்கு ஒருமுறைதான் ஆன் பண்ணுகிறோம். அது திரும்பி வரும்போது பழைய ரூமில் வேறு ஆள் இருப்பார். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து எழுந்தாலும் இதே குழப்பம் வரலாம். பல ரவுட்டர்கள் பதிவேட்டை மறந்துவிட்டு, முதலில் வந்து கேட்பவருக்கு முதல் ரூம் என்று கொடுக்க ஆரம்பித்துவிடும். பிரிண்டருக்குப் புது ரூம் கிடைத்தது லேப்டாப்புக்குத் தெரியாது.

ரூமை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1, இல்லையென்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். உள்ளே லேன் அல்லது டிஹெச்சிபி (ரூம் நம்பர் கொடுக்கும் வேலைக்கு இதுதான் பெயர்) பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ 'ஸ்டாடிக் லீஸ்' என்றோ ஒன்று இருக்கும். பிரிண்டர் தாளில் 'மேக் அட்ரஸ்' என்று, அந்தக் கருவிக்கே உரிய அடையாளமாக, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து இரண்டிரண்டாகப் பிரித்து 12 எழுத்து போட்டிருக்கும். அதை அங்கே போட்டு, பக்கத்தில் ஓர் ஐபியைக் கொடுத்துச் சேமியுங்கள். டீச்சர் வீட்டில் 192.168.1.50 கொடுத்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் புது எண் வந்துவிட்டது. பிறகு லேப்டாப்பில் 'காப்பி' எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒன்றை மட்டும் வைத்து, அதற்கு 'ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்' சேர்த்து அதே 192.168.1.50-ஐக் கொடுத்தேன். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் பிரிண்டர்கள் சில சமயம் 'டபிள்யூஎஸ்டி' என்ற போர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. பிரிண்டர் தூங்கி எழுந்ததும் பலமுறை காணாமல் போவது அந்தப் போர்ட்டில்தான். எண்ணைக் கொடுத்த பிறகும் பொய்யாக ஆஃப்லைன் காட்டினால், அதே போர்ட்டின் கான்ஃபிகர் பக்கத்தில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக்கை எடுத்துப் பாருங்கள்.

ஃபைபர் கனெக்‌ஷன் மாற்றிய அன்றிலிருந்து பிரிண்டர் வரவில்லை என்றால் அது வேறு கதை. புது ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு கிகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும். வீட்டு பிரிண்டர்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பழைய பிரிண்டர்கள் தடுமாறும். பிரித்துவிடுங்கள். 2.4-க்குப் பழைய ரவுட்டரில் இருந்த அதே பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள், ஒரு எழுத்துகூட மாறாமல். பிரிண்டர் ஒன்றும் கேட்காமல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். செக்யூரிட்டி 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர்கள் உள்ளே வராது, 'டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்' வையுங்கள். கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அங்கே ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி வைப்பதுதான் வழக்கம். ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டு பிரிண்டர் தெரியாமல் போகலாம்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாங்கி வந்த பிரிண்டரா? நம்மூர் ரவுட்டர்கள் 2.4-இல் 13 சேனல் வரை போகும், அங்கே விற்கிறவை பெரும்பாலும் 11-உடன் நிற்கும். ரவுட்டர் 'ஆட்டோ'வில் 12-க்குத் தாவிய நாளில் பிரிண்டருக்கு உங்கள் வைஃபையே கண்ணில் படாது. சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக நிறுத்திவிடுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்திலும் பிரிண்டரை வைக்காதீர்கள்.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். டீச்சர் எனக்கு போன் பண்ணுவதற்கு முன்னால் கூகுளில் தேடி, மேலே வந்த 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் பேசியிருந்தார். மறுமுனையில் பேசியவர் திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்லி, லேப்டாப்பில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். வரிசையாகச் சிவப்புக் குறிகள். "உங்க நெட்வொர்க்கை ஹேக் பண்ணிட்டாங்க மேடம், அதான் பிரிண்டர் கட் ஆகுது" என்று சொல்லி எட்டாயிரம் கேட்டிருக்கிறார். டீச்சர் கணக்கு வாத்தியார். "எட்டாயிரத்துக்குப் புது பிரிண்டரே வருமே" என்று வைத்துவிட்டார்.

அந்தச் சிவப்புக் குறிகள் என் லேப்டாப்பிலும் இருக்கின்றன, உங்கள் லேப்டாப்பிலும் இருக்கும். விண்டோஸ் தன் சில்லறைத் தடங்கல்களையெல்லாம் அங்கே எழுதிவைக்கும். அதைக் காட்டிப் பயமுறுத்துவது பழைய தந்திரம். நம்பரை கூகுளில் தேடாதீர்கள். பிரிண்டர் வந்த பெட்டியிலும் வாரன்டி அட்டையிலும் இருக்கும். அந்த ஆப்பைப் போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள், ஆப்பை நீக்குங்கள், வேறு கருவியிலிருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசுங்கள், பேங்கிலும் சொல்லுங்கள்.

ஹால் டிக்கெட் ஒன்பதே காலுக்கு வெளியே வந்தது. மேலே கோடு கோடாக. பத்து நாள் சும்மா கிடந்ததில், மை தெளிக்கும் ஹெட் காய்ந்திருந்தது. கிளீனிங் போட்டு இரண்டாவது தாள் எடுத்தோம். கிளம்பும்போது பிரிண்டர் மூடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி 50 என்று எழுதிவிட்டு வந்தேன். அடுத்து யார் வந்தாலும் டிரைவரைத் தேட மாட்டார்கள்.