மிளகுக்கொடி எங்கே போனது? எழுத்து விளையாட்டின் உள்ளே ஒரு பார்வை

சேலத்தில் பொறியியல் படிக்கும் பையன் ஒருவன், எங்கள் தெருக்காரன், தமிழிலேயே ஒரு டெக்ஸ்ட் அட்வெஞ்சர் எழுதியிருக்கிறான். படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரையில் நாலு வரி வரும், நாம் ஒரு வரி தட்டினால் ஆட்டம் பதில் சொல்லும். ஏற்காடு மலைப்பாதையில் பனிமூட்டத்துக்கு நடுவே பஸ்ஸை விட்டு இறங்குகிறோம். உச்சிக்குப் போய் சேர்வராயன் கோயில் குகைக்குள் விளக்கேற்ற வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆட்டம் முழுக்கப் பிழைகள். ஆனால் இந்த வகை விளையாட்டு உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஆட்டம் கிடைக்காது. நன்றாகச் செய்த ஆட்டத்தில் எந்திரம் கண்ணில் படவே படாது.

20ஆவது கொண்டை ஊசி வளைவில் இப்படி வருகிறது: “காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. சாலையோரம் ஒரு தீப்பெட்டி கிடக்கிறது.” சரி என்று “மிளகுக்கொடி பார்” என்று அடித்தால், “அப்படி எதுவும் இங்கே இல்லை” என்கிறது.

அதுதானே சொன்னது? சொன்னது, ஆனால் அதற்குத் தெரியாது. அந்த வருணனை கணினிக்கு வெறும் எழுத்து வரிசை. திரையில் கொட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆட்டத்தின் உண்மையான உலகம் ஒரு பட்டியலில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், இப்போது இருக்கும் இடம், எரிகிறதா அணைந்ததா என்பது போன்ற நிலை. தீப்பெட்டியை எடுப்பது என்றால், அதன் ‘இடம்’ என்ற கட்டத்தில் ‘வளைவு 20’ என்றிருப்பது ‘கை’ என்று மாறுவது. மிளகுக்கொடியைப் பையன் வருணனையில் எழுதினான், பட்டியலில் சேர்க்கவில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் முதலில் தென்படும் குறை இதுதான்.

வழிகளும் அப்படித்தான். 19ஆவது வளைவிலிருந்து மேலே போனால் 20 வருகிறது. 20இலிருந்து கீழே இறங்கினால் ஏரிக்கரையில் நிற்கிறோம்! மேலே என்பதற்கு எதிர்ப்பக்கம் கீழே என்று கணினிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ‘இந்தத் திசையில் போனால் இந்த எண்’ என்று தனித்தனி வரி. ஒரு எண்ணை மாற்றி அடித்தால் மலையே மடங்கிவிடும். இந்த வகைக்கே முன்னோடியான கொலோசல் கேவ் ஆட்டத்தில் இதே விஷயத்தை வேண்டுமென்றே செய்து, வந்த வழியே திரும்ப முடியாத புதிர்ப்பாதை ஒன்றை அமைத்திருந்தார்கள். அதைத் தொடங்கிய வில் க்ரௌதர் குகைகளை அளந்து வரைபடம் போட்டவர். அமெரிக்காவின் மம்மத் குகையைத்தான் 1970களின் நடுவில் ஆட்டமாக்கினார். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார்.

அடுத்தது, நாம் அடிப்பதை ஆட்டம் புரிந்துகொள்ளும் பகுதி. பார்ஸர் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, தமிழில் கஷ்டமான இடமும் இதுதான். பார்ஸருக்கு மொழி தெரியாது. வரியை இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தன் அகராதியில் தேடும். தமிழில் வினை கடைசியில் வருவதால் கடைசித் துண்டைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளலாம். பையன் அதைச் சரியாகவே செய்திருக்கிறான். ஆனால் “விளக்கு எடு” என்றால் எடுக்கிறது, “விளக்கை எடு” என்றால் “புரியவில்லை” என்கிறது. எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் இரண்டுமே ஏழு குறியீடுகள். முதல் ஆறும் ஒன்றே. கடைசியில் உகரக் குறிக்குப் பதில் ஐகாரக் குறி. நமக்கு அதே விளக்கு, கணினிக்கு வேறு சொல். “கதவைத் திற” என்றால் நடுவில் ஒரு ‘த்’ வேறு வந்து ஒட்டிக்கொள்கிறது.

கொலோசல் கேவ் ஒரு சொல்லின் முதல் 5 எழுத்தை மட்டுமே பார்த்தது. அது ஓடிய பிடிபி-10 கணினியில் நினைவகத்தின் ஒரு அறைக்கு 36 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 36 இடங்கள். எழுத்துக்கு 7 பிட் என்றால் ஐந்துதான் அடங்கும். தமிழிலும் வாலை வெட்டிவிடலாமே என்று தோன்றும். விளக்குக்குச் சரிவரும், ஆனால் ‘மரம்’ ‘மரத்தை’ ஆகும்போது சொல்லின் உடம்பே மாறிவிடுகிறது. ‘கல்’ என்று தொடங்குவதையெல்லாம் ஏற்றால் கல்வெட்டும் கல்லாகிவிடும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு தலைப்பகுதிகள் கொடுக்க வேண்டும்: ‘மரம்’ ஒன்று, ‘மரத்த’ ஒன்று. மிச்சமிருக்கும் வால் ஒரு சின்ன வேற்றுமை உருபுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘வெட்டு’ அதில் இருக்காது, எனவே கல்வெட்டு தப்பித்தது. கடைசியில் நிற்கும் ஒற்று க், ச், த், ப் இவற்றில் ஒன்றாகவும் அடுத்த சொல்லின் முதல் மெய்யாகவும் இருந்தால், தேடுவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடலாம்.

வினைக்கும் இதே கதி. எடு, எடுங்க, எடுத்துக்கோ, தூக்கு எல்லாம் ஒரே வேலை. ஆட்டத்துக்கு ஒன்றுதான் தெரியும் என்றால், விளையாடுபவர் புதிரை விட்டுவிட்டு எழுதியவர் மனதில் இருக்கும் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்.

மோசமான பிழை சத்தமே போடாது. தீப்பெட்டியில் ஒரே ஒரு குச்சி. வளைவிலேயே அதை உரசிவிட்டால் பனியில் எரிந்து அணைகிறது. அதன்பிறகு எவ்வளவு நேரம் அலைந்தாலும் குகையில் விளக்கேற்ற நெருப்பு கிடையாது. தோற்றுவிட்டோம் என்று ஆட்டம் சொல்வதும் இல்லை. நன்கு எழுதிய ஆட்டங்களில் ஒரு செயல் மூன்று கட்டமாக நடக்கும். இதை இப்போது செய்யலாமா என்று முதலில் சோதிக்கும், அப்புறம் பட்டியலை மாற்றும், பிறகு நமக்குச் சொல்லும். பையன் சோதிக்கும் கட்டத்தை எழுதவில்லை. அங்கே ஒரு வரி போதும்: இடம் குகை இல்லையென்றால் “ஈரக்காற்றில் குச்சி பற்றவில்லை” என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குச்சி பெட்டியிலேயே இருக்கும்.