ஷாம்பூவைக் கைவிட்டால் முடி என்ன ஆகும்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் மகளுக்குச் சுருட்டை முடி. இனிமேல் ஷாம்பூவே வேண்டாம், கண்டிஷனரை மட்டும் தேய்த்து அலசிக்கொள்கிறேன் என்கிறாள். அழுக்குப் போகுமா?”

ஓரளவுக்குப் போகும். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், கண்டிஷனர் முடியில் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஷாம்பூவின் கதை பள்ளியில் படித்ததுதான். சோடியம் லாரெத் சல்பேட் மாதிரியான மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை நாடும், வால் எண்ணெயை நாடும். வால்கள் பிசுக்கை நடுவில் வைத்துச் சுற்றிக்கொள்ள, எல்லாம் உருண்டையாகித் தண்ணீரோடு போய்விடும். அந்தத் தலையில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். விரல் இரண்டு பக்கமும் போய் வந்தாலும் முடி ஒரே பக்கமாகத்தான் நகரும். முன்னால் போவது வேர்முனை. முடியைப் போர்த்தியிருக்கும் செதில்கள் நுனியைப் பார்த்துப் படிந்திருப்பதால் இப்படி. ஒவ்வொரு செதிலும் சுமார் அரை மைக்ரான் தடிமன் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதன் மேல் 18-மெத்தில் ஐகோசனோயிக் அமிலம் என்ற, 21 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் கந்தகப் பிணைப்பு வழியாக ஒட்டி நிற்கிறது. புதிதாக முளைத்த முடியின் வழவழப்பு இதன் தயவில்தான்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை தொங்கும் கூந்தலின் நுனிக்கு ஐந்தாறு வயதாகியிருக்கும். அத்தனை வருடம் வெயிலும் சீப்பும் பட்டு, போதாக்குறைக்குச் சாயமும் ஏறினால், அந்தக் கொழுப்புப் படலம் அங்கங்கே உரிந்துவிடும். அடியிலிருக்கும் புரதம் வெளியே தெரியும். ப்ளீச் செய்த முடியில் புரதத்தின் கந்தகப் பாலங்கள் உடைந்து சல்போனிக் அமிலமாகவே மாறிவிடும். நனைந்த முடியின் மேற்பரப்பில் பொதுவாகவே எதிர்மின்னூட்டம் இருக்கும். முடியின் மின்னூட்டம் சமனாகும் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) அளவு 3.7-க்குப் பக்கத்தில், குழாய்த் தண்ணீரோ 7-ஐ ஒட்டி. அந்த அளவுக்கு மேலே பி.எச். ஏற ஏற முடியில் எதிர்மின்னூட்டம் கூடும். எங்கே சேதம் கூடுதலோ அங்கே எதிர்மின்னூட்டமும் கூடுதல்.

கண்டிஷனர் பாட்டிலைத் திருப்பினால் தண்ணீருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் சீட்டரைல் ஆல்கஹால் (மெழுகு மாதிரி ஒரு பொருள், போதை ஏறாது), அதன் பிறகு பிஹென்ட்ரைமோனியம் குளோரைடு என்றிருக்கும். இந்த இரண்டாவது ஆளின் தலையில் நேர்மின்னூட்டம், பின்னால் 22 கார்பன் நீள வால். நேர் எதிரை நாடும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, அது முடி எங்கெல்லாம் கெட்டிருக்கிறதோ அங்கெல்லாம் தலையைப் பதித்து வாலை வெளியே நீட்டிக்கொள்கிறது. 21 கார்பன் போன இடத்தில் 22 கார்பன்! வேரோரத்தில் புது முடிக்குக் கொஞ்சம், நொந்துபோன நுனிக்கு நிறைய. பங்கு பிரித்துக் கொடுக்க ஆள் கிடையாது. அலசும்போதுகூட, குழாய்த் தண்ணீர் பட்டதும் பி.எச். ஏறி முடியின் எதிர்மின்னூட்டம் கூடுவதால் பிடி விட்டுவிடுவதில்லை. ஷாம்பூவுக்கும் எதிர்மின்னூட்டம், முடிக்கும் எதிர்மின்னூட்டம். அதனால்தான் அது வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

ஒட்டிக்கொள்கிற பொருள் எப்படிச் சுத்தம் செய்யும்? அந்த மெழுகு ஆல்கஹாலும் நேர்மின் மூலக்கூறும் தண்ணீரில் சேரும்போது பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக அமைகின்றன. தேய்க்கத் தேய்க்க, தலையில் சுரந்த சீபம் என்ற எண்ணெய் அந்த அடுக்குகளுக்குள் கரைந்து போகிறது. முடியில் ஒட்டாத மிச்சக் கண்டிஷனர் அலசும்போது அதையும் கூட்டிக்கொண்டு போகும். வியர்வை உப்புக்கு வெறும் தண்ணீரே போதும். ஆனால் கொள்ளளவு குறைவு. சிட்டிகை எடுத்துப் பூசினால் ஒன்றும் நடக்காது. உள்ளங்கை நிறைய எடுத்து, மண்டைத்தோலில் விரல் நுனியால் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

சுருட்டை முடிக்கு இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. நேரான முடியில் சீபம் சுலபமாகக் கீழே இறங்கிவிடும், சுருளில் இறங்காது. நுனி எப்போதும் வறண்டே கிடக்கும். அந்தக் கொஞ்சநஞ்ச எண்ணெயையும் ஷாம்பூ உருவிவிடும். எனவே மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டைமெதிக்கோன் போன்ற சிலிக்கோன் கலந்த பாட்டில் மட்டும் வேண்டாம். அது தண்ணீரில் கரையாது, ஷாம்பூ இல்லாமல் போகவும் செய்யாது, மேலுக்கு மேல் படிந்துகொண்டே வரும்.

“சில வாரம் பொறுங்கள், தலை பழகிக்கொண்டு எண்ணெய் சுரப்பதைக் குறைத்துவிடும்” என்று இணையத்தில் ஓதுகிறார்களே, அதை நான் நம்பவில்லை. சீபம் சுரப்பிகள் கட்டுப்படுவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களுக்கு. மேலே எதைப் போட்டுக் கழுவினோம் என்று அவற்றுக்குத் தகவல் போவதற்கு வழி தெரியவில்லை. “கெமிக்கல் இல்லாதது” என்ற விளம்பரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். தண்ணீரும் கெமிக்கல்தான்.

இதையெல்லாம் சோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் யார்? முடி ஆராய்ச்சியில் பெரும்பங்கு பொருள் விற்பவர்களின் ஆய்வகங்களில்தான் நடக்கிறது. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த ஆய்வுகூட, அந்த எண்ணெயை விற்கும் மும்பை நிறுவனம் ஒன்றிலிருந்து வந்ததே. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் “குறைவாக வாங்கினால் போதுமா” என்ற கேள்வியை எந்தக் கம்பெனியும் காசு கொடுத்து ஆராயாது. பொதுப்பணம்தான் ஆராய வேண்டும்.

தேங்காயெண்ணெய் என்றதும் ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் கண்டிஷனரை நம்பாதீர்கள். அவ்வளவு எண்ணெயை அந்த அடுக்குகள் தாங்காது, சீயக்காயோ ஷாம்பூவோ வேண்டும். பொடுகு இருந்தாலும் அப்படியே. மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாது. நம் சீபத்தை உடைத்துத் தின்றுவிட்டு, ஒலியிக் அமிலத்தை மண்டைத்தோலிலேயே விட்டுவைக்கும். அரிப்பும் செதில் உதிர்வும் அதனால்தான். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்பூ செய்கிற வேலையைக் கண்டிஷனர் செய்யாது.