வெறும் சூடுதானே, தம்பி

கொழும்பில் ஹீட்டர் என்று சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். மார்ச் மாதப் பகலில் மின்விசிறியை ஐந்தில் விட்டாலும் வேர்த்துக் கொட்டுகிற ஊர் இது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையும். போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டு போனால் மறுநாள் காலை கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் அது வருடம் முழுக்கத் தண்ணீர் மாதிரி ஊற்றும். இந்த ஊரில் ஹீட்டர் யாருக்கு?

களனி ஆற்றங்கரைப் பக்கம் தொழிற்சாலைகளுக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். கொதிகலனுக்குப் போகும் உலை எண்ணெய் 28 பாகையில் பாகு போல இழுபடும். சூடாக்கினால்தான் பம்பு அதை இழுக்கும். பெயின்ட் பிசின், மெழுகு, தார் எல்லாவற்றுக்கும் இதே கதை. சப்புகஸ்கந்தவில் 1969 முதல் இருப்பது போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், கன எண்ணெய் குழாய்க்குள் இறுகிவிடாமல் நீராவியாலோ மின்சாரத்தாலோ சூடு கொடுத்துக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை. சிக்கல் என்னவென்றால், சூடு தேவைப்படும் இடமும் தீப்பற்றும் ஆவி நிற்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றேதான்.

பயிற்சிக் காலத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். டர்பன்டைனில் கரைத்த பிசின் ஒரு தாங்கியில் 45 பாகையில் இருந்தது. சுத்தம் செய்வதற்காகத் தாங்கியைக் காலியாக்கி, ஹீட்டரை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். ஆறு குழாய்கள். கீழிருந்த நான்கும் பிசின் படிந்து பழுப்பாக இருந்தன. மேலிரண்டும் சுத்தமாக இருந்தன. ஆனால் அவற்றில் வைக்கோல் மஞ்சளும் செம்பழுப்பும் ஓர் ஊதாப் பட்டையும் ஓடின. பார்க்க அழகுதான். என்னோடு நின்ற எலெக்ட்ரீசியன் அண்ணனிடம், “இது ஏன் இப்படி?” என்று கேட்டேன். “மேல் இரண்டும் அடிக்கடி பிசினுக்கு வெளியில வந்துடும் தம்பி. நெருப்பு ஒண்டும் இல்லையே, வெறும் சூடுதானே” என்றார்.

துருப்பிடிக்காத எஃகைக் காற்றில் சூடாக்கினால் அதன் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உருவாகும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். 300 பாகை அளவில் வெளிறிய மஞ்சள், 400 அளவில் செம்பழுப்பு, அதற்கு மேல் ஊதா, பிறகு நீலம். எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதும் நிறத்தில் சேரும், ஆகவே இதை வெப்பமானி போல வாசிக்க முடியாது. ஆனாலும் அந்த இரண்டு குழாய்களும் 400 பாகைப் பக்கம் போய் வந்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஹீட்டரின் பெயர்த் தகட்டில் இருந்தது டீ3. அதாவது, மேற்பரப்பு 200 பாகையைத் தாண்டாது என்ற உறுதி.

அண்ணனின் “வெறும் சூடுதானே” என்ற எண்ணம் பரவலானது. தீப்பற்ற ஒரு பொறியாவது வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வீதியில் ஓடும் வண்டிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓட்டோவின் பெற்றோல் இயந்திரத்துக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். காலி வீதியில் கரும்புகை விட்டுப் போகும் பஸ்ஸின் டீசல் இயந்திரத்துக்கு அது கிடையாது. உள்ளே காற்றை அழுத்தும்போது வரும் சூடு மட்டுமே டீசலைப் பற்ற வைக்கிறது. பொறியும் இல்லை, சுவாலையும் இல்லை, வெறும் சூடு.

ஒவ்வோர் ஆவிக்கும் தானாகப் பற்றும் வெப்பநிலை ஒன்று உண்டு. அந்த அளவுக்குச் சூடான பரப்பில் பட்டாலே போதும். இங்கே ஒரு வேடிக்கையும் இருக்கிறது: பொறிக்கு எளிதில் பற்றுவதெல்லாம் சூட்டுக்கும் எளிதில் பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐதரசனைப் பற்ற வைக்க 0.02 மில்லிஜூல் பொறி போதும், கையில் உணரக்கூட முடியாத அளவு. ஆனால் சூடான பரப்பால் பற்ற வைக்க 500 பாகைக்கு மேல் வேண்டும். ஈதர் 200 பாகைக்குக் கீழேயே பற்றிவிடும். ரேயான் தயாரிப்பில் பயன்படும் காபன் இருசல்பைட்டுக்கு 100 பாகை கூடப் போதும். ஒரு நீராவிக் குழாயே அதற்கு ஆபத்து. டீசலும் பெற்றோலைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே தானாகப் பற்றுவது, இரண்டையும் வாளியில் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும்.

அதனால்தான் தீப்பற்றும் ஆவி நிற்கக்கூடிய இடங்களுக்கென்று, அதாவது அபாய வலயங்களுக்கென்று செய்த கருவிகளின் தகட்டில் இரண்டு தகவல்கள் தனித்தனியாக இருக்கும். ஒன்று, பொறிக்கும் சுவாலைக்கும் எவ்வளவு எளிதில் பற்றும் என்று பார்த்துப் பிரித்த வாயுத் தொகுதி: புரொப்பேன் வகை 2ஏ, எதிலீன் வகை 2பி, ஐதரசனும் அசற்றிலீனும் 2சி. மற்றது வெப்பநிலை வகுப்பு. டீ1 என்றால் மேற்பரப்பு 450 பாகைக்கு மேல் போகாது. டீ2 300, டீ3 200, டீ4 135, டீ5 100, டீ6 85. சுவிட்ச் வாங்குகிறவர் முதலில் தொகுதியைப் பார்ப்பார். ஹீட்டர் வாங்குகிறவர் தூக்கம் கெட வேண்டியது டீயைப் பற்றித்தான்.

இடத்துக்கும் தரம் உண்டு. ஆவி எப்போதும் அல்லது நெடுநேரம் நிற்கும் இடம் வலயம் 0, வழமையான வேலையின்போது இடைக்கிடை வரக்கூடிய இடம் வலயம் 1, எப்போதாவது வந்தாலும் சீக்கிரம் போய்விடும் இடம் வலயம் 2. மூடிய தாங்கிக்குள் பிசினுக்கு மேலே இருக்கும் காலி இடம் பெரும்பாலும் வலயம் 0. டர்பன்டைன் 40 பாகையை ஒட்டியே தீப்பற்றும் அளவுக்கு ஆவியைத் தரத் தொடங்கும், தாங்கி இருந்ததோ 45 பாகையில். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தாங்கியிலிருந்து கசிந்தால் கூரைக்குப் போகாது, தரையோடு தவழ்ந்து குழியையும் கானையும் தேடும். சமையல் காஸும் அப்படித்தான். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் வந்த நாட்களில், சமையலறைக் கதவைத் தரை வரை திறந்து வைக்க எல்லோரும் பழகிக்கொண்டோம்.

சரி, 200 பாகையைத் தாண்டாது என்று எழுதியிருந்த ஹீட்டர் எப்படி 400 பாகைக்குப் போனது? பழுதா? கிடையாது. என் கணிப்பில், ஹீட்டரைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஹீட்டருக்கு வெப்பநிலை என்றால் என்ன என்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது வாட் மட்டும். உள்ளே நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள், வெளியே எஃகுக் குழாய். கரண்ட் கொடுத்தால் செக்கனுக்கு இத்தனை ஜூல் வெளியே தள்ளும். அந்த வெப்பத்தை எடுத்துப் போக வெளியே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் குழாயின் தோல் எவ்வளவு சுடும் என்பது முடிவாகும். திரவம் நன்றாக வாங்கிக்கொள்ளும். அசையாத காற்று வாங்காது. வாங்க ஆளில்லாத வெப்பம் குழாயிலேயே தங்க, குழாய் சூடாகிக்கொண்டே போகும். காற்றுக்கும் கதிர்வீச்சுக்கும் தள்ளிவிட முடிகிற அளவு வரும் வரை ஏறி, அங்கே நிற்கும். அந்த இடம்தான் 400. ஆக டீ3 என்பது ஹீட்டரின் தனிச் சொத்து என்று எண்ணக் கூடாது. ஹீட்டர், அது முங்கியிருக்கும் திரவம், அதன் மட்டம் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்த சான்று அது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு தொன் பிசினை 28 பாகையிலிருந்து 48 பாகைக்குக் கொண்டுவர, கிலோவுக்கும் பாகைக்கும் 2 கிலோஜூல் என்று வைத்தால், 40,000 கிலோஜூல் வேண்டும். மின்சார பில் மொழியில் 11 யூனிட். இழப்பை விட்டுவிட்டால் 6 கிலோவாட் ஹீட்டர் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். இனி இந்த 6,000 வாட்டை எவ்வளவு பரப்பில் பரப்புவது? தண்ணீர் சதுர சென்ரிமீற்றருக்கு 8, 10 வாட் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கெட்டியான பிசினும் கன எண்ணெயும் மெதுவாகத்தான் நகரும், அவற்றுக்கு 1 வாட் பக்கம் நிற்க வேண்டும். ஆகவே 6,000 சதுர சென்ரிமீற்றர், அரை சதுர மீற்றருக்கும் மேல். அபாய வலய ஹீட்டர்கள் பருமனாகவும் விலையாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலையைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குச் செய்த சின்ன ஹீட்டரை எண்ணெயில் இறக்குகிறவர்கள் உண்டு. குழாயைத் தொட்டு நிற்கும் எண்ணெய் கருகிப் படியும். அந்தக் கரி ஒரு போர்வை. எண்ணெயில் முங்கியிருக்கும் தெர்மோஸ்டாட் “இன்னும் 50 பாகைதான்” என்று சொல்லிக்கொண்டிருக்க, போர்வைக்குள் குழாய் வெந்துகொண்டிருக்கும்.

வயர் மாட்டும்போது நடக்கும் ஒரு தவறு இதைவிட மோசம். நம் நாட்டில் மூன்று பேஸ் 400 வோல்ட், ஒரு பேஸ் 230. 230 வோல்ட்டுக்குச் செய்த மூன்று சுருள்களை நட்சத்திர முறையில், ஒவ்வொன்றும் ஒரு பேஸுக்கும் பொது நடுப்புள்ளிக்கும் இடையே வரும்படி, கட்ட வேண்டும். யாராவது முக்கோணமாக, இரண்டு பேஸ்களுக்கு இடையே, கட்டிவிட்டால் ஒவ்வொன்றும் 400 வோல்ட் வாங்கும். திறன் வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவதால் வாட் மூன்று மடங்கு. ஹீட்டர் வேலை செய்யும், வேகமாகச் சூடாவதைப் பார்த்து முதலாளி சந்தோஷமும் படுவார். தகட்டில் உள்ள எல்லா எண்களும் அந்த நிமிடமே பொய்.

அதனால் ஒரு தெர்மோஸ்டாட்டை நம்பி விடுவதில்லை. திரவத்தின் சூட்டைப் பார்க்க ஒன்று. அதோடு தொடர்பே இல்லாமல் குழாயின் தோலிலேயே, அதுவும் மேல் வரிசைக் குழாயில், தொட்டுக்கொண்டிருக்கும் இன்னொன்று. அது எல்லை தாண்டினால் வெட்டும். மூன்றாவதாக, மட்டம் குறைந்தால் கரண்ட்டை நிறுத்தும் மட்டச் சுவிட்ச். திரவம் ஓடிக்கொண்டே சூடாகும் வகையென்றால் பம்பு நின்றதும் ஹீட்டரும் நிற்க வேண்டும். நான் பார்த்த தாங்கியில் முதலாவது மட்டும்தான் இருந்தது. அதுவும் கீழ்க் குழாய்களின் பக்கத்தில், பிசினுக்குள் நிம்மதியாக.

இனி வயர் வந்து சேரும் பெட்டி. அதில் இணைப்புகள் இருக்கும், பொறி வரக்கூடும். தடித்த வார்ப்பிரும்புப் பெட்டியைப் பார்த்தால் ஆவியை உள்ளே விடாமல் இறுக அடைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் ஆவி உள்ளே போகும் என்று ஒத்துக்கொண்டு செய்த பெட்டி அது. உள்ளே வெடித்தாலும் பெட்டி தாங்கும். வெளியேற முயலும் சுவாலை மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடைவெளியில் ஓடும்போது உலோகம் அதன் சூட்டை உறிஞ்சிவிட, வெளியே வருவதற்குள் அணைந்துவிடும். 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பி வலையால் சுற்றியதும் இதே தந்திரம்தான். சோதனைச் சாலையில் சுவாலை தப்பாத இடைவெளி புரொப்பேனுக்கு 0.92 மில்லிமீற்றர், எதிலீனுக்கு 0.65, ஐதரசனுக்கு 0.29. இந்த எண்களைப் பார்த்தபின், கழன்ற ஒரு போல்ட்டை “பிறகு போடலாம்” என்று விட மனம் வராது. மூடியின் விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் கூடாது. பஞ்சிகாவத்தையில் எந்த வாகனத்துக்கும் போல்ட் கிடைக்கும், ஆனால் இந்தப் பெட்டிக்கு அதன் சான்றில் சொன்ன போல்ட்தான். பயன்படாத துளையைச் சான்றுள்ள அடைப்பானால் மூட வேண்டும். சீமெந்துப் பூச்சாலும் மரக்கட்டையாலும் மூடியதை நானே பார்த்திருக்கிறேன்.

கொழும்புக்கென்றே ஒரு தொல்லை ஈரம். மக்னீசியம் ஒட்சைட்டு மின்சாரத்தை விடாது, வெப்பத்தை விடும். ஹீட்டருக்கு நன்றாகப் பொருந்தும் தூள். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மாதக்கணக்காகக் களஞ்சியத்தில் கிடந்த ஹீட்டரை அப்படியே பூட்டி சுவிட்ச் போட்டால், ஈரமான தூள் வழியே கரண்ட் குழாய்க்குக் கசியும். அதனால் முதலில் மெகர் என்ற அளவுகருவியை வைத்து, கரண்ட் கசிவதைத் தூள் எவ்வளவு தடுக்கிறது என்ற காப்புத் தடையை 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் அடுப்பில் வைத்து உலர்த்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். தினமும் ஓடும் ஹீட்டருக்கும் வீட்டில் இருப்பது போலவே 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடுவது நல்லது. குழாயில் ஊசித் துளை விழுந்து அங்கே 1 அம்பியர் கசிந்தால் சாதாரண பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த ஒரு புள்ளியில் 230 வாட் வரை எரிந்துகொண்டிருக்கும்.

குழாய்களைச் சூடாக வைக்கப் பயன்படும் ஒரு வகைக் கேபிள் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு செப்புக் கம்பிகள், நடுவில் காபன் தூள் கலந்த பிளாஸ்டிக். குளிர்ந்திருக்கும்போது காபன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு ஆயிரக்கணக்கான பாதைகள் அமைக்கும். கரண்ட் பாயும், சூடு வரும். சூடாகும்போது பிளாஸ்டிக் விரியும், துகள்கள் விலகும், பாதைகள் அறுபடும், சூடு குறையும். இதெல்லாம் கேபிளின் ஒவ்வொரு சாணிலும் தனித்தனியாக நடக்கும். வெயில் படும் இடத்தில் கொஞ்சமாகவும் நிழலில் கூடுதலாகவும் தானே அளந்து கொடுக்கும். மேலே சொன்ன “ஹீட்டருக்கு வெப்பநிலை தெரியாது” என்பதற்கு இது ஒரு விதிவிலக்கு. உயர்ந்த வெப்பநிலைகளுக்கு இது உதவாது என்பது குறை.

பெரும்பாலான சான்றுகள் கருவியைச் சுற்றியுள்ள காற்று 40 பாகைக்கு மேல் போகாது என்ற கணக்கில் தரப்படுகின்றன. கொழும்பில் நிழலில் 33 பாகைதானே என்று நினைக்கலாம். மதியம் தகரக் கூரைக்குக் கீழே, கொதிகலன் பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

கடைசியாக மின்வெட்டு. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போகும்போது பம்பும் நிற்கும். ஆட்கள் வாளியால் மொண்டு வேலையைத் தொடர்வார்கள், தாங்கியில் மட்டம் இறங்கும். நடுராத்திரியில் கரண்ட் வரும்போது, தானாக மறுபடி தொடங்கும்படி கட்டிய ஹீட்டர் பாதி வெளியே நிற்கும் குழாய்களோடு சூடாகத் தொடங்கும். அதனால் எல்லை தாண்டி வெட்டிய சுவிட்சும் மின்வெட்டில் விழுந்த சுவிட்சும் தானாக ஏறக் கூடாது, கையால்தான் போட வேண்டும் என்று கட்டுவார்கள். அந்தப் பெயின்ட் தொழிற்சாலையிலும் பிறகு அப்படித்தான் மாற்றினார்கள். மீளப்போடும் பொத்தானை அலுவலகத்தில் வைக்காமல் தாங்கிக்குப் பக்கத்திலேயே, மட்டக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றுதான் அழுத்த முடிகிற மாதிரி வைத்தார் அதே எலெக்ட்ரீசியன் அண்ணன்.