ரெட் ஹெர்ரிங்: தமிழில் பராக்கு

என் துப்பறியும் நாவலின் கைப்பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் ஒருவர், பதினோராம் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “ரெட் ஹெர்ரிங் சரி. அப்புறம் என்ன ஆச்சு?” கொலை நடந்த சாயங்காலம் மைத்துனர் எங்கே போனார் என்பது யாருக்கும் தெரியாது, கேட்டால் மழுப்புவார். அவர்மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு நான் அதை மறந்தே போயிருந்தேன்.

வாசகரின் சந்தேகம் உண்மையான குற்றவாளி பக்கம் போகாமலிருக்க, எழுதுபவர் நடுவில் வைக்கும் ஆளோ பொருளோ சம்பவமோதான் ரெட் ஹெர்ரிங்.

ஹெர்ரிங் வடகடல் மீன். நம் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். நன்றாக உப்பிட்டுப் புகை போட்டால் செம்பழுப்பாகிவிடும், வாடை தூக்கலாக அடிக்கும். வில்லியம் காபெட் என்ற ஆங்கில இதழாளர் 1807இல் தம் வார இதழில் ஒரு கதை சொன்னார்: சிறுவயதில், முயலைத் துரத்தும் வேட்டைநாய்களைத் திசைதிருப்ப இந்தக் கருவாட்டை இழுத்துக்கொண்டு போவாராம். நெப்போலியன் தோற்றான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடி, உள்நாட்டு விவகாரங்களைக் கோட்டைவிட்ட பத்திரிகைகளைச் சாடத்தான் அதைச் சொன்னார். சொல் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

‘செங்கருவாடு’ என்று மொழிபெயர்ப்பது வீண். நமக்குக் கருவாடு என்றால் குழம்புதான் நினைவுக்கு வரும். ‘பொய்த் தடயம்’ என்பதும் முழுதாகப் பொருந்தாது. அது கொலையாளி போலீஸுக்காக விட்டுப்போவது. ‘போக்குக் காட்டுதல்’ இன்னும் கிட்டே வருகிறது. ஆனால் வனத்துறைக்குப் போக்குக் காட்டும் சிறுத்தை என்று செய்தியில் படிக்கும்போது, பிடிபடாமல் தப்புவதுதான் அங்கே பொருள்.

என் தேர்வு ‘பராக்கு’. கட்டியங்காரன் “பராக், பராக்” என்று கூவினால் ‘கவனம்’ என்று அர்த்தம். பராக்குப் பார்ப்பது என்றால் நேரெதிர்: கவனம் வேறெங்கோ போய்விட்டது. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “அதோ பார் நிலா” என்று அம்மா பராக்குக் காட்டுகிறாள். பிள்ளை அண்ணாந்து வாயைத் திறக்கிற நேரத்தில் பருப்புச் சோறு உள்ளே போய்விடும். இதில் நிலா பொய்யில்லை, நிஜமாகவே அங்கே இருக்கிறது. நல்ல துப்பறியும் கதையிலும் பராக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். வாசகர் திரும்பிப் பார்க்கும் விஷயம் கதைக்குள் உண்மையாக நடந்திருக்க வேண்டும், அதற்கென்று ஒரு காரணமும் வேண்டும். காரணம் சொல்லாமல் விட்டால் அது வெறும் ஏமாற்று.

அதனால் மைத்துனரின் சட்டைப்பையில் ஒரு அடகுச் சீட்டை வைத்தேன். மனைவிக்குத் தெரியாமல் அவள் வளையலை வைக்கத்தான் அன்று போயிருக்கிறார். பதிப்பகங்களுக்கு அனுப்பும் கதைச்சுருக்கத்திலும் இதை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். முடிச்சு அவிழ்கிறதா என்று பார்க்கத்தானே அவர்கள் அதைக் கேட்கிறார்கள்.