ஓட்டுக்கூரையும் ஹார்ட் டிஸ்க்கும்: வீட்டு நாஸுக்குப் பாகம் தேர்வது எப்படி

வீட்டில் ஒரு நாஸ் சர்வர், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் போட்டு எடுக்கும் பெட்டி, கட்டப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த பிராசசர் போடலாம்?" என்றுதான். கேம் ஆடவும் வீடியோ எடிட் செய்யவும் கம்ப்யூட்டர் வாங்கிப் பழகிய பழக்கம் அது. ஃபைல்களைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கிற பெட்டிக்கு அவ்வளவு மூளை தேவையில்லை. கிகாபிட் கேபிளில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது, கைக்குக் கிடைப்பது 110 சொச்சம். இன்றைய ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று, பெரிய ஃபைலைத் தொடர்ந்து படிக்கும்போது அந்த வேகத்தைத் தாண்டிவிடும். 2023-இல் வந்த இன்டெல் என்100 மாதிரியான சின்ன சிப்பே தாராளம். இரவு பகலாக ஓடப்போகும் பெட்டி இது. 30 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட் கூடும், 60 வாட் இழுத்தால் 86. எனவே பிராசசரில் மிச்சம் பிடியுங்கள். அந்தக் காசு போக வேண்டிய இடம் டிஸ்க்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தம்பி வீட்டு நாஸில் நான்கு 4 டிபி டிஸ்க்குகள். ஒன்று செத்துப்போனது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டான். தொலைந்த டேட்டாவை அதில் மீட்டெழுதும் வேலை தொடங்கியது. மூன்றாம் நாள் போன் செய்தான். "அண்ணா, நேத்து ராத்திரி 41 பர்சென்ட். இப்பவும் 41தான் காட்டுது." குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. குரல் நடுங்கியது.

அந்த 41-இல் என்ன நடந்துகொண்டிருந்தது என்று புரிந்தால், எதை வாங்குவது என்பதும் புரிந்துவிடும்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் முறைக்கு ரெய்டு என்று பெயர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அந்தப் பெயரை நிலைநாட்டியது. அதன் உள்ளே இருக்கும் கணக்கு நாம் சின்ன வயதில் புளியங்கொட்டையை மூடி வைத்துக் கேட்ட அதே ஒற்றையா இரட்டையா கணக்குதான். மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 0 என்று இருக்கிறது என்று வையுங்கள். மொத்தத்தில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி நான்காவதில் 1 எழுதப்படும். இதுதான் பேரிட்டி. இப்போது முதல் டிஸ்க் போய்விட்டால், மீதியில் இருப்பது 0, 0, 1. ஒற்றைப்படை. ஆகவே தொலைந்தது 1. எந்த டிஸ்க் போனாலும் இப்படியே கண்டுபிடித்துவிடலாம். நான்கு டிஸ்க்கின் இடத்தில் ஒன்றின் இடம் மட்டும் இதற்குச் செலவு.

ஆனால் இந்தக் கணக்கை ஒவ்வொரு பிட்டுக்கும் போட்டாக வேண்டும். மிச்சமிருக்கும் மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, புதிய டிஸ்க்கில் வரிசையாக எழுத வேண்டும். 8 டிபி டிஸ்க், நொடிக்கு 150 மெகாபைட் என்றால் கிட்டத்தட்ட 15 மணி நேரம். அந்த நேரம் முழுக்க இன்னொரு டிஸ்க் போனால் அத்தனையும் போச்சு. மற்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை, ஒரே வயது. அவற்றைத்தான் இப்போது மூச்சுவிடாமல் ஓட்டுகிறோம்.

தம்பி வாங்கிய புதிய டிஸ்க்கின் லேபிளில் இருந்த மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன். எஸ்எம்ஆர். லேபிளில் அந்த வார்த்தையே இல்லை.

ஓட்டுக்கூரையைப் பார்த்திருப்பீர்கள். கீழ்வரிசை ஓட்டின் மேல்விளிம்பை அடுத்த வரிசை மூடியிருக்கும். நடுவில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் உருவ முடியாது. மேலே இருப்பவற்றைத் தூக்கி, புதியதைச் செருகி, மறுபடி வரிசையாக அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் டேட்டா எழுதும் தடங்கள் இப்படித்தான் வேயப்பட்டிருக்கின்றன. டிஸ்க்கில் எழுதும் முனை அகலம், படிக்கும் முனை குறுகல். படிக்கக் குறுகிய பட்டை போதும் என்பதால், ஒரு தடத்தின் ஓரத்தின் மேலேயே அடுத்ததை எழுதி, அதே தட்டில் கூடுதல் இடம் எடுத்துவிடுகிறார்கள். அபாரமான பொறியியல்தான். ஆனால் நடுவில் 4 கிலோபைட்டை மாற்ற, அதற்கு மேலே வேய்ந்த தடங்களையெல்லாம், பல மெகாபைட் அளவுக்கு, திருப்பி எழுத வேண்டும். இதை மறைக்க டிஸ்க் தனக்குள்ளேயே ஓர் ஒதுக்குப்புறம் வைத்திருக்கும். வருவதை முதலில் அங்கே கொட்டிவிட்டு, சும்மா இருக்கும்போது கூரை வேயும். தினசரி உபயோகத்தில் வித்தியாசமே தெரியாது. ரெய்டு மீட்பிலோ, சும்மா இருக்க நேரமே கிடையாது. ஒதுக்குப்புறம் நிரம்பியதும் வேகம் பாதாளத்துக்குப் போகும். தம்பியின் 41 இதுதான்.

நாஸுக்கென்றே பெயரிட்டு விற்ற 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகளிலும் சொல்லாமல் இதைப் போட்டிருந்தது 2020-இல் வெளிவந்தது. அதனால் பெயரை நம்பாதீர்கள். மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை, தயாரிப்பாளரின் விவரத்தாளில் தேடி, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

நாஸ் டிஸ்க்குகளில் விசேஷம் இன்னொன்று உண்டு. சாதாரண டிஸ்க் ஒரு இடம் படிக்கவில்லை என்றால் நிமிடக்கணக்கில்கூட முயன்றுகொண்டே இருக்கும். அதற்குள் ரெய்டு, "இது செத்துவிட்டது" என்று அதை வெளியே தள்ளிவிடலாம். நாஸ் டிஸ்க் சுமார் 7 நொடியில் கைவிட்டுவிடும். பேரிட்டி இருக்கிறதே, அந்த ஒரு துண்டை மற்றவை மீட்டுக் கொடுக்கும்.

அதிர்வும் முக்கியம். சன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த பொறியாளர் பிரெண்டன் கிரெக் 2008-இல் டிஸ்க் அடுக்கின் எதிரே நின்று கத்திக் காட்டினார். கத்திய அந்த நொடியில் டிஸ்க்குகளின் தாமதம் திரையில் எகிறியது. நான்கு டிஸ்க்கை ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கிற மலிவான தகரக் கேஸில் போடுவது, நான்கு பேர் இடைவிடாமல் அப்படிக் கத்துவது மாதிரி. ரப்பர் வைத்த தட்டும், டிஸ்க்குகளின் மேல் நேராகக் காற்றடிக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள கேஸ் வாங்குங்கள்.

பவர் சப்ளையில் பார்க்க வேண்டியது மொத்த வாட் மட்டுமல்ல, தொடக்க நொடி. அமைதியாக 5 வாட்டில் சுற்றும் டிஸ்க், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 20 வாட்டுக்கு மேல் கேட்கும். நான்கும் சேர்ந்து எழுந்தால் கூட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான பவர் பிரிப்பான் வயர்கள் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பதுண்டு. அவை வேண்டவே வேண்டாம். யுபிஎஸ் கட்டாயம். டேட்டா எழுதி, பேரிட்டி எழுதும் முன் கரண்ட் போனால், ஒற்றை இரட்டைக் கணக்கு அங்கேயே பொய்யாகிவிடும். யுஎஸ்பி கேபிளில் சர்வருக்குச் சேதி சொல்லி, அதை ஒழுங்காக அணைக்க வைக்கும் யுபிஎஸ்ஸாக இருக்கட்டும்.

ரேமில், முடிந்தால் இசிசி. டேட்டாவோடு சில பிட்டுகளைக் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். புதிய ரேம் வகையான டிடிஆர்5 எல்லாமே இசிசிதான் என்று கடையில் சொல்வார்கள். அது சிப்புக்குள் மட்டும் நடக்கும் திருத்தம், ரேமுக்கும் பிராசசருக்கும் இடைப்பட்ட வழியைக் காக்காது. இசிசி வேண்டுமென்றால் பிராசசர், மதர்போர்டு இரண்டும் அதை ஏற்க வேண்டும், என்100 ஒத்துவராது. படங்களும் பாட்டும் மட்டும் என்றால் இதில் விட்டுக்கொடுக்கலாம். டிஸ்க்கிலும் கரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தவறுதலாக நீங்களே அழித்த ஃபைலைப் பேரிட்டி திருப்பித் தராது. அதற்கு இன்னொரு வீட்டில் ஒரு நகல் வேண்டும்.

தம்பியின் டிஸ்க்கைக் கழற்றி, சிஎம்ஆர் ஒன்றை மாட்டினோம். மறுநாள் காலை 9 மணிக்கு முடிந்திருந்தது. கேஸை மூடுமுன் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை வெள்ளைத் தாளில் எழுதி, அதனதன் தட்டின் முகப்பில் ஒட்டினோம். அடுத்தமுறை ஒன்று செத்தால், திரையில் வருவது சீரியல் எண் மட்டும்தான். இருட்டு மூலையில் குனிந்து, உயிரோடு இருக்கும் டிஸ்க்கை உருவிவிடக் கூடாதல்லவா.