மதிப்பீட்டு மென்பொருளா? டெமோவில் உங்கள் பழைய கோப்பை நீட்டுங்கள்

விற்பனைப் பிரதிநிதி காட்டும் டெமோவில் எல்லா மாணவர்களும் எல்லாக் கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் அளித்திருப்பார்கள். ஒரு பதிவெண்கூடப் பிசகியிருக்காது. வரைபடங்கள் பச்சையும் நீலமுமாக மேலேறிக்கொண்டே போகும். அரை மணி நேரத்தில், மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழு மொத்தமும் தலையாட்டிவிடும். பல்கலைக்கழக மாணவர் சேவைப் பிரிவுகளின் மதிப்பீட்டுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். டெமோவில் மோசமாகத் தெரிந்த மென்பொருள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் பேசுவது தேர்வு நடத்தி மதிப்பெண் போடும் மென்பொருளைப் பற்றி அல்ல. விடுதி, உளவியல் ஆலோசனை மையம், வேலைவாய்ப்பு வழிகாட்டல், மாற்றுத்திறனாளி மாணவர் உதவி, முதலாண்டு மாணவர் அறிமுக நிகழ்ச்சி என்று பல அலகுகள் சேர்ந்ததுதான் மாணவர் சேவைப் பிரிவு. ஒவ்வோர் அலகும் ஆண்டுத் தொடக்கத்தில் இலக்கு வகுக்கிறது, சான்றுகளைத் திரட்டுகிறது, அறிக்கை எழுதுகிறது, அடுத்த ஆண்டு எதையாவது மாற்றிக்கொள்கிறது. இந்தச் சுழற்சி மொத்தத்தையும் ஓரிடத்தில் வைத்திருப்பதே மென்பொருளின் வேலை. இந்தத் துறை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில்தான் முதலில் வேரூன்றியது. மாணவர் சேவைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் சி.ஏ.எஸ். என்ற மன்றம் அங்கே 1979-இலேயே தொடங்கப்பட்டது. சந்தையில் கிடைக்கும் மென்பொருள்கள் பலவும் அங்குள்ள அறிக்கை முறையை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிக்கைப் படிவம் வேறாக இருந்தால் முதல் உரசல் அங்கேயே தொடங்கிவிடும்.

மென்பொருள் வேண்டுமா என்பதையே முதலில் கேளுங்கள். நான்கைந்து அலகுகள் மட்டுமே உள்ள பிரிவுக்கு, பல்கலைக்கழகம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் கருத்துக்கணிப்புக் கருவியும் பொதுவில் பகிர்ந்த ஓர் அட்டவணையும் போதும். ஓராண்டு அப்படி ஓட்டிப் பாருங்கள். எந்த அலகு அறிக்கை தருகிறது, எது இழுத்தடிக்கிறது, எந்தக் கட்டத்தை யாருமே நிரப்புவதில்லை என்பதெல்லாம் அதிலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும். இலக்கே எழுதாத அலகு, மென்பொருள் வந்த மறுநாள் உட்கார்ந்து எழுதிவிடப் போவதில்லை.

வாங்கியே தீர வேண்டும் என்றால், டெமோவுக்கு வருகிறவரிடம் உங்கள் பழைய மாணவர் தரவுக் கோப்பு ஒன்றை நீட்டுங்கள். பெயர்களை நீக்கி, பதிவெண்களையும் போலியாக மாற்றிவிடுங்கள். மற்ற குளறுபடிகளைத் தொடாதீர்கள். பிரதிநிதி கொண்டுவந்த மாதிரித் தரவை ஓரம் வைத்துவிட்டு, இதை உங்கள் கண்ணெதிரே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

நான் கவனிப்பது மூன்று விஷயங்கள். முதலாவது, பதிவெண். 0045127 என்ற எண்ணை எக்செல் திறந்த மாத்திரத்தில் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கி 45127 ஆக்கிவிடும். நீளமான எண்ணாக இருந்தால் 2.02E+11 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே சேமித்து ஏற்றினால் மாணவர் பட்டியலோடு பொருந்தாது. பொருந்தாத வரிகளை மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். தனியே பட்டியலிட்டுக் காட்டினால் நல்லது. சத்தமில்லாமல் தள்ளிவிட்டால் ஆண்டறிக்கையில் மாணவர் எண்ணிக்கை குறையும், ஏன் குறைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது, தேதி. 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? மாதத்தை முதலில் எழுதும் வழக்கத்துக்குக் கட்டப்பட்ட மென்பொருள், பாதித் தேதிகளைத் தவறாகப் படித்துவிட்டு மீதியைப் பிழை என்று திருப்பியனுப்பும். மூன்றாவது, எழுத்து. மாணவர்கள் ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதிய கருத்துகள் உள்ளே போகும்போது எழுத்தாக இருந்து, சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பாக வெளியே வரும்போது வெறும் கேள்விக்குறிகளாகின்றனவா? ஏற்றுவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அங்கேயே பதிவிறக்கித் திறக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகாது. ஆனால் பிரதிநிதியின் முகம் மாறுவதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, யார் தட்டச்சு செய்யப் போகிறார்கள்? தேர்ந்தெடுக்கும் குழுவில் இயக்குநர்களும் கணினிப் பிரிவு அதிகாரிகளும் இருப்பார்கள். ஆண்டு முடிவில் தரவை உள்ளிடுகிறவரோ, விடுதி அலுவலகத்தில் அறை ஒதுக்கீட்டுக்கும் புகார்களுக்கும் நடுவே நேரம் கிடைத்தால் இதைச் செய்கிற உதவியாளர். அவரை உட்கார வைத்து, யாரும் சொல்லித்தராமல், போன ஆண்டின் இலக்கைத் திறந்து, ஒரு முடிவை எழுதி, ஒரு கோப்பை இணைக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பல்கலைக்கழக லாகினே இதற்கும் செல்ல வேண்டும். தனி பாஸ்வேர்டு என்றால், ஆண்டுக்கு இருமுறை திறக்கும் மென்பொருளின் பாஸ்வேர்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இனி, குழுக்கள் அதிகம் பேசாத ஒன்று: மாணவரின் அடையாளம். 'பெயரில்லாக் கருத்துக்கணிப்பு' என்று தலைப்பிட்டுவிட்டு, பதில் அளிக்காதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் மின்னஞ்சல் போகிறது என்றால், யார் பதில் அளித்தார் என்பது மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டியலும் பதில்களும் எங்கே பிரிகின்றன, நிர்வாகக் கணக்கு வைத்திருப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சிறு குழுக்களின் முடிவுகளை மறைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் காட்டாதே என்று அமைத்துவிடலாம். அதோடு நின்றுவிட்டால் போதாது. ஒரு விடுதியில் 41 பேர் பதில் அளிக்கிறார்கள், சராசரி 5-க்கு 4.00 என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் மாற்றுத்திறனாளி ஒருவர்தான். அவருடைய வரியை மென்பொருள் சரியாக மறைத்துவிடுகிறது. ஆனால் மற்ற 40 பேரின் சராசரி 4.05 என்று பக்கத்திலேயே காட்டுகிறது. 41-ஐ 4.00-ஆல் பெருக்கினால் 164. 40-ஐ 4.05-ஆல் பெருக்கினால் 162. மறைக்கப்பட்டவர் கொடுத்தது 2. அவர் யார் என்பது விடுதிக் காப்பாளருக்குத் தெரியும். ஒரு குழுவை மறைத்தால் கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொன்றையும் சேர்த்து மறைக்கிறதா என்று டெமோவிலேயே சோதித்துப் பாருங்கள். இல்லை என்றால், அறிக்கையை வடிகட்டிப் பார்க்கும் உரிமையை ஓரிருவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆலோசனை மையத்தின் தரவு இதைவிட அந்தரங்கமானது. மொத்த எண்ணிக்கைகள் மட்டும் மதிப்பீட்டு மென்பொருளுக்கு வரட்டும். தனிநபர் பதிவுகள் மையத்தின் சொந்த அமைப்பிலேயே இருக்கட்டும். மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் அமெரிக்காவின் ஃபெர்பா சட்டம் 1974-இலிருந்தும், ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜி.டி.பி.ஆர். 2018-இலிருந்தும் நடைமுறையில் உள்ளன. இந்தியா டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2023-இல் நிறைவேற்றியது. உங்கள் பல்கலைக்கழகத்தை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தினாலும், சேகரிக்காத தரவு கசியாது.

திறந்த கேள்விகளில் மாணவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள். உணவு விடுதி பற்றிய கேள்விக்குக் கீழே, தனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதலாம். கணக்கெடுப்பு முடிந்து வாரங்கள் கழித்து அறிக்கை தயாரிக்கும்போதுதான் அதை ஒருவர் படிக்கிறார் என்றால், அது மென்பொருளின் குறை மட்டுமல்ல, நிர்வாகத்தின் குறையும்கூட. ஆபத்தைக் குறிக்கும் சொற்கள் வந்தால் உடனே எச்சரிக்கும் வசதி உண்டா, அந்த எச்சரிக்கை யாருக்குப் போகும், விடுமுறை நாளில் அதை யார் பார்ப்பார்கள் என்பதை வாங்கும் முன்பே தீர்மானியுங்கள். எச்சரிக்கைச் சொற்பட்டியலில் மாணவர்கள் எழுதும் மொழிகள் அனைத்தும் இருக்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவு கருத்துகளைச் சுருக்கித் தரும் என்று எல்லோரும் விளம்பரம் செய்கிறார்கள். இப்படிப்பட்ட ஒற்றை வரிதான் சுருக்கத்தில் முதலில் காணாமல் போகும். அந்தக் கருத்துகள் வெளி நிறுவனத்தின் சேவைக்கு அனுப்பப்படுகின்றனவா, செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுகின்றனவா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அணுகல்தன்மையும் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவது) பாதுகாப்பும் பேரம் பேசும் விஷயங்கள் அல்ல. இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1-இன் ஏ.ஏ. நிலையைக் கேளுங்கள். மாணவர் நிரப்பும் படிவம், ஊழியர் பார்க்கும் பக்கம் இரண்டுக்கும் அது பொருந்த வேண்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிற ஒருவரை வைத்துச் சோதித்தால் சான்றிதழ்த் தாளில் இல்லாதது தெரியவரும். பாதுகாப்புக்கு, உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே எஜுகாஸ் என்ற அமெரிக்க உயர்கல்வித் தொழில்நுட்ப அமைப்பு வெளியிடும் ஹெக்வாட் கேள்வித்தொகுப்பை நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு.

விலைப்பட்டியலில் கவனிக்க வேண்டியது கணக்கிடும் அடிப்படை. முப்பது ஊழியர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு மொத்த மாணவர் சேர்க்கையை வைத்துக் கட்டணம் கேட்பது இந்தச் சந்தையில் வழக்கம். நிறுவுதல், பயிற்சி, ஆண்டு உயர்வு எல்லாவற்றையும் சேர்த்து ஐந்தாண்டுத் தொகையாக வாங்குங்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. இந்தச் சந்தையில் நிறுவனங்கள் அடிக்கடி கைமாறுகின்றன. டாஸ்க்ஸ்ட்ரீம், டிகே20, லைவ்டெக்ஸ்ட் என்ற மூன்று மென்பொருள் நிறுவனங்களும் இணைந்துதான் வாட்டர்மார்க் ஆனது. மாணவர் சேவைப் பிரிவுகளில் பெயர்பெற்ற கேம்பஸ் லேப்ஸ் 2020-இல் ஆந்தாலஜி என்ற நிறுவனத்துக்குள் போனது. ஆந்தாலஜி 2021-இல் இணையவழிக் கற்றல் மென்பொருள் நிறுவனமான பிளாக்போர்டுடன் இணைந்தது, 2025-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. அவர்களிடம் வாங்கியவர்கள் யாரும் தவறாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நல்ல மென்பொருளுக்கும் இது நேரும்.

ஆகவே ஒப்பந்தத்தில் சிலவற்றைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். இலக்குகள், முடிவுகள், இணைப்புக் கோப்புகள் அனைத்தும் ஒன்றோடொன்று உள்ள தொடர்பு அறுபடாமல் வெளியே வர வேண்டும். பி.டி.எஃப். கட்டாகக் கொடுத்தால் அது தரவு ஆகாது. ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் பதிவிறக்கலாம், அழித்ததற்கு என்ன சான்று தருவார்கள், நிறுவனம் கைமாறினால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பவை எண்ணோடும் தேதியோடும் இருக்கட்டும். தானாகப் புதுப்பிக்கும் பிரிவு இருந்தால், வேண்டாம் என்று அறிவிக்க வேண்டிய கடைசி நாள் ஆண்டறிக்கை வேலை நடக்கும் வாரங்களில் விழாதபடி மாற்றச் சொல்லுங்கள். அந்த வாரங்களில் ஒப்பந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை.